மொட்டை மாடி டிஷ்: மெனுவில் உள்ள ஆங்கிலச் சொற்களை அறிந்து நாமே பொருத்தும் முறை

டி.டி. ஃப்ரீ டிஷ் சேனல்களுக்காக 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றையும் ஒரு செட்டாப் பாக்ஸையும் வாங்கி வருபவர் தொலைக்காட்சித் திரையில் முதலில் சந்திப்பது இன்ஸ்டலேஷன் என்னும் பக்கத்தைத்தான். சாட்டிலைட், எல்.என்.பி. டைப், டிரான்ஸ்பாண்டர், 22 கே, டைசெக், ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று வரிசையாகச் சொற்கள் நிற்கும். பெட்டியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினாலும் பெரும்பாலான பெட்டிகளில் இந்தப் பக்கம் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கும், அல்லது ஆங்கிலத்தைவிடப் புரியாத தமிழில் இருக்கும். டிஷ் பொருத்த வரும் டெக்னீஷியனும் இதே சொற்களில்தான் பேசுவார். இவற்றை அகராதியைப் போல மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு திருகையோ, ஒரு கம்பியையோ, பெட்டியில் நாம் இட வேண்டிய ஓர் எண்ணையோ குறிக்கிறது. எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துவிட்டால் மிஞ்சுவது பொறுமையாகச் செய்ய வேண்டிய கைவேலை மட்டுமே.

ஆகவே வானத்திலிருந்து தொலைக்காட்சி வரை சிக்னல் வருகிற வழியிலேயே இந்தக் கையேடு செல்கிறது. எடுத்துக்காட்டு முழுவதற்கும் ஃப்ரீ டிஷ்ஷையே வைத்துக்கொண்டிருக்கிறேன். மாதக் கட்டணம் இல்லை என்பதால் அழைத்தால் வந்து பார்க்க நிறுவனத்தின் ஆள் எவரும் இல்லை; எனவே இந்த வேலையைத் தாமே கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் பெரும்பாலும் இதை வைத்திருப்பவர்கள்தான்.

வானத்தில் இருப்பவை

நாம் டிஷ்ஷைத் திருப்ப வேண்டிய செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி ஒரு முறை சுழலும் நேரத்திலேயே அதுவும் ஒரு முறை சுற்றி வருவதால் தரையிலிருந்து பார்க்கும்போது ஒரே இடத்தில் நிற்கிறது. இதைத்தான் ஜியோஸ்டேஷனரி என்கிறார்கள். இத்தகைய செயற்கைக்கோள்கள் (இனி சுருக்கமாகக் கோள்கள்) எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலேயே வரிசையாக நிற்பதால் அவற்றின் இருப்பிடத்தைச் சொல்ல ஒரே ஓர் எண், அதாவது தீர்க்கரேகை, போதும். ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்னும் கோளிலிருந்து. அதன் இடம் 93.5 டிகிரி கிழக்கு. 2015 நவம்பர் 11 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் அதை ஏற்றிச் சென்றது. பெட்டியின் மெனுவில் சாட்டிலைட் என்ற இடத்தில் ஜிசாட்-15 என்றோ 93.5 இ என்றோ இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பெட்டிகளில் அதே இடத்தில் முன்பு இருந்த இன்சாட்-4பி என்ற பெயர் இருக்கலாம். இடம் ஒன்றே என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை, ஆனால் அலைவரிசை எண்களைப் புதிதாக இட வேண்டும்.

தரை நிலையத்திலிருந்து கோளுக்குச் செல்வது அப்லிங்க், கோளிலிருந்து நமக்கு வருவது டவுன்லிங்க். வந்ததை வாங்கி, அலைவரிசையை மாற்றி, பெருக்கித் திருப்பி அனுப்பும் கருவித்தொகுதி டிரான்ஸ்பாண்டர். டெக்னீஷியன்கள் இதைச் சுருக்கமாக டி.பி. என்பார்கள். ஒரு டி.பி.யில் ஒரு சேனல் மட்டும் இருப்பதில்லை; பத்து, இருபது சேனல்கள் ஒரே கட்டாக வரும். ஆகவே திடீரென்று சில சேனல்கள் மட்டும் கூட்டமாகக் காணாமல் போனால் அவை ஒரே டி.பி.யைச் சேர்ந்தவையா என்று பார்ப்பதே முதல் சோதனை. கோளின் கதிர் விழும் நிலப்பரப்பு ஃபுட்பிரிண்ட் எனப்படும். அந்த வரைபடத்தில் வளைகோடுகளின் மீது எழுதியிருக்கும் டி.பி.டபிள்யூ. (dBW என்னும் ஆற்றல் அலகு) எண்கள் அந்தந்த இடத்தை நோக்கி வரும் ஆற்றலைச் சொல்கின்றன. எண் 3 குறைந்தால் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள், டிஷ் அதற்கேற்பப் பெரிதாக இருக்க வேண்டும்.

பேண்ட் என்ற சொல் அலைவரிசைக் கூட்டத்தைக் குறிக்கும். வீட்டு டிஷ்ஷுக்கு நேராக வரும் டி.டி.எச். சேவைகள் அனைத்தும் கே.யு. பேண்ட், தொலைக்காட்சிக்குப் பயன்படும் பகுதி 10,700 முதல் 12,750 மெகாஹெர்ட்ஸ் வரை. கேபிள் டி.வி. ஆபரேட்டர்களின் மாடியில் இருக்கும் எட்டடி, பன்னிரண்டடி டிஷ்கள் சி பேண்ட். 3,400 முதல் 4,200 மெகாஹெர்ட்ஸ். கே.யு. பேண்டுக்குச் சிறிய டிஷ் போதும், ஆனால் கனமழையில் சிக்னல் அறுந்துபோகும். சி பேண்ட் மழைக்கு அசையாது, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். 2022 ஏலத்தில் 3,300 முதல் 3,670 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை 5ஜி சேவைக்குப் போனதால் சி பேண்ட் டிஷ் வைத்திருப்பவர்கள் இப்போது பக்கத்து டவரின் இரைச்சலைத் தடுக்க 5ஜி ஃபில்டர் என்று ஒன்றையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

டிஷ்

பரப்பு முழுவதும் விழும் அலைகளை ஒரே புள்ளிக்குக் குவிக்கும் கண்ணாடிதான் டிஷ். கடைக்காரர் ரிஃப்ளெக்டர் என்று சொன்னால் இந்தத் தட்டை மட்டும் சொல்கிறார். குவியும் புள்ளி எங்கே என்பதைப் பொறுத்து இரண்டு வகை. குவிபுள்ளி தட்டின் நடுவுக்கு நேர் எதிரே இருந்தால் பிரைம் ஃபோகஸ். கேபிள்காரர்களின் பெரிய டிஷ்கள் இவ்வகை. வீட்டுக்கு வருவது ஆஃப்செட். பெரிய பரவளையத் தட்டின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்ததைப் போன்றது. அதனால் குவிந்த அலையை வாங்கும் கருவியான எல்.என்.பி. கீழ்ப்பக்கக் கையில் நிற்கும், அதன் நிழல் தட்டின் மீது விழாது.

ஆஃப்செட் டிஷ்ஷைப் பார்த்து அது எங்கே நோக்குகிறது என்று கண்ணால் கணிக்க முடியாது. தட்டு நேர்நிமிர்ந்து நின்றாலும் அது ஏறக்குறைய 25 டிகிரி உயரத்தை நோக்கிக்கொண்டிருக்கும். லண்டனில் எடுத்த இணையக் காணொளிகளில் டிஷ் சுவரோடு சுவராக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு நம்மூரில் அப்படியே நிறுத்தினால் சிக்னல் வரவே வராது. அங்கே கோள் தாழ்வாக இருக்கிறது. நமக்கோ ஜிசாட்-15 தலைக்கு மேலே, அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஆகவே நம் டிஷ் நன்றாக மல்லாந்து, நிமிர்ந்த நிலையிலிருந்து ஏறத்தாழ 43 டிகிரி பின்சாய்ந்து இருக்க வேண்டும். முதல் முறை பொருத்துபவர்களுக்கு இது தப்பாகத்தான் தோன்றும். பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

இந்த உயரத்தில் ஒரு வசதியும் உண்டு. மூன்று மீட்டர் உயரச் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ எதிரே இருந்தாலும் ஒன்றேகால் மீட்டர் தள்ளி வைத்தால் அது மறைக்காது. மறைப்பது பெரும்பாலும் மேலே கவிந்திருக்கும் தென்னை ஓலைதான்; இன்று மறைக்காத ஓலை இரண்டு ஆண்டில் மறைக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மல்லாந்த டிஷ்ஷில் சருகும் பறவை எச்சமும் சேரும், பிரைம் ஃபோகஸ் வகையில் தண்ணீரும் தேங்கும். பெரிய டிஷ்களை வலைக்கம்பியில் செய்வதற்குக் காற்றைப் போலவே இதுவும் ஒரு காரணம். வலையின் கண் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் அலைக்கு அது முழுத் தகடாகவே தெரியும். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, ஏ.டி.எஸ்.-6 கோளின் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிய சைட் திட்டத்தில் கிராமத்துப் பள்ளிகளில் நிறுத்தியவை கோழிக்கூண்டு வலையால் செய்த பத்தடி ஆண்டெனாக்கள். அந்த ஒளிபரப்பு 860 மெகாஹெர்ட்ஸில் இருந்ததால் அந்த வலை போதுமானதாக இருந்தது. கே.யு. பேண்டில் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே என்பதால் வலைக்கு இடமில்லை. தட்டில் விழும் ஒரு சிறு நசுங்கலும் கணக்கில் வரும். வாங்கும்போதே தட்டின் விளிம்பை இரு பக்கத்திலிருந்தும் பார்த்து, முறுக்கிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பழைய பிரைம் ஃபோகஸ் டிஷ் ஒன்று கையில் கிடைத்து, அதன் கைகள் தொலைந்திருந்தால், எல்.என்.பி. நிற்க வேண்டிய ஃபோகல் லெங்தைத் தாமே கணக்கிடலாம். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, நடு ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுக்க வேண்டும். எட்டடி டிஷ்ஷின் விட்டம் 244 சென்டிமீட்டர், நடு ஆழம் 38 என்றால் விடை ஏறத்தாழ 98 சென்டிமீட்டர்.

எல்.என்.பி.

டிஷ் குவிப்பதை வாங்கும் சிறு கருவி எல்.என்.பி. குறைந்த இரைச்சலோடு பெருக்குவது, பெருக்கிய அலைவரிசைத் தொகுதியைக் கீழிறக்குவது என்று இரண்டு வேலை அதற்கு உண்டு. அதன் முன்வாயில் இருக்கும் புனல் ஃபீட் ஹார்ன். அது சேர்ந்தே வந்தால் எல்.என்.பி.எஃப். என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்ளலாம்.

கீழிறக்குவது ஏன் என்பது தெரிந்தால் மெனுவில் பாதி விளங்கிவிடும். 11,000 மெகாஹெர்ட்ஸ் அலையைச் சாதாரண கேபிளில் இருபது மீட்டர் கொண்டுவந்தால் வழியிலேயே கரைந்துபோகும். எனவே எல்.என்.பி. தன்னுள் இருக்கும் லோக்கல் ஆசிலேட்டரின் எண்ணை வந்த அலைவரிசையிலிருந்து கழித்து, மீதியை மட்டும் அனுப்புகிறது. ஃப்ரீ டிஷ்ஷின் 11,090 மெகாஹெர்ட்ஸ் டி.பி.யை எடுத்துக்கொண்டால், 9,750 கழிய, கேபிளில் இறங்குவது 1,340 மெகாஹெர்ட்ஸ். செட்டாப் பாக்ஸுக்குப் புரிவது 950 முதல் 2,150 வரை என்பதால் இது நடுவில் வந்து விழுகிறது. மெனுவில் எல்.என்.பி. ஃப்ரீக்வென்சி என்று கேட்பது இந்தக் கழிக்கும் எண்ணைத்தான். கே.யு. பேண்ட் யுனிவர்சல் எல்.என்.பி.க்கு 9750/10600 என்ற இணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சி பேண்டுக்கு 5150; அங்கே மட்டும் இந்த எண்ணிலிருந்து வந்த அலைவரிசையைக் கழிக்கும். இங்கே தவறான எண் இருந்தால், டிஷ் மிகச் சரியாக நின்றாலும் பெட்டி வேறோர் இடத்தில் தேடிக்கொண்டிருக்கும், மாடியில் இருப்பவர் திருகைத் திருப்பித் திருப்பிச் சோர்ந்துபோவார். ஆகவே மாடிக்கு ஏறுவதற்கு முன்பே இந்த வரியைச் சரிபார்த்துவிட வேண்டும்.

யுனிவர்சலில் இரண்டு எண்கள் இருப்பதற்குக் காரணம், 11,700க்குக் கீழுள்ள லோ பேண்டுக்கு ஒன்றும் மேலுள்ள ஹை பேண்டுக்கு ஒன்றும் கழிக்க வேண்டியிருப்பது. எதைக் கழிப்பது என்று பெட்டி சொல்லும் வழிதான் 22 கே டோன்: பெட்டி கேபிளில் 22 கிலோஹெர்ட்ஸ் முனகல் ஒன்றை ஏற்றினால் எல்.என்.பி. 10,600க்கு மாறிவிடும். அதே கேபிளில் மின்சாரமும் மேலே போகிறது. 13 வோல்ட் போனால் எல்.என்.பி. வெர்ட்டிக்கல் அலையை வாங்கும், 18 வோல்ட் போனால் ஹரிசாண்டல். அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதே போலரைசேஷன், டி.பி. பட்டியலில் வி, எச் என்ற ஓர் எழுத்தில் அது அடங்கிவிடும். இந்த 13, 18, 22 ஆகிய மூன்று எண்களையும் நினைவில் வைத்திருந்தால் பின்னால் பழுது பார்க்கும்போது உதவும்.

எல்.என்.பி. அட்டையில் பெரிய எழுத்தில் 0.1 dB (டெசிபெல்) என்று போட்டிருப்பது நாய்ஸ் ஃபிகர், அதாவது கருவி தானாகச் சேர்க்கும் இரைச்சல். குறைய குறைய நல்லது. ஆனால் நூறு, இருநூறு ரூபாய் எல்.என்.பி.யில் அச்சிட்ட அந்த எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. மழைநீர் புகாத மூடியும் கெட்டியான இணைப்பு மரையும் இருக்கின்றனவா என்று பார்ப்பது மேல். சி பேண்ட் எல்.என்.பி.க்களில் அதே இரைச்சலை 15 கே, 17 கே என்று கெல்வினில் சொல்வார்கள். இரண்டு தொலைக்காட்சிக்கு இரண்டு பெட்டி வைப்பதானால் சிங்கிள் எல்.என்.பி.யும் கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரும் வாங்கக் கூடாது, இரண்டு கேபிள் மாட்டும் ட்வின் எல்.என்.பி. கேட்க வேண்டும். ஒரு பெட்டி 13 வோல்ட்டும் மற்றது 18 வோல்ட்டும் ஒரே நேரத்தில் அனுப்பினால் சிங்கிள் எல்.என்.பி. யார் பேச்சைக் கேட்கும்?

கேபிளும் கனெக்டரும்

கேபிள் ஆர்.ஜி. 6 வகையாக, 75 ஓம் என்று அச்சிட்டதாக இருக்க வேண்டும். இந்த வேலையில் அதிகம் பேர் கோட்டைவிடுவது கேபிள் முனையில் திருகி மாட்டும் எஃப் கனெக்டர் போடும் இடத்தில் என்பதால் இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் செட்டாப் பாக்ஸின் மின்பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். கேபிளில் மின்னழுத்தம் இருக்கும்போது நடுக்கம்பி வெளிக்கம்பியைத் தொட்டால் பெட்டியின் மின்பகுதி கெட்டுப்போகலாம். கேபிள் முனையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வெளித்தோலை மட்டும் பிளேடால் சுற்றி அறுத்து உருவ வேண்டும். உள்ளே முடியிழை போன்ற வெள்ளிநிறப் பின்னல் தெரியும். அதைக் கிள்ளி எறியாமல், இழைகளைப் பின்னோக்கி மடித்து வெளித்தோலின் மீது படிய விட வேண்டும். அதற்கடியில் அலுமினியத் தாளும், அதற்குள் வெள்ளை நுரையும், நடுவில் செம்பு நிறக் கம்பியும் இருக்கும். தாளையும் நுரையையும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீக்கினால் நடுக்கம்பி வெளிவரும். பிளேடு அந்தக் கம்பியின் மேல் கீறல் போடக் கூடாது; கீறிய இடத்தில் அது பிறகு ஒடியும். இப்போது கனெக்டரைத் திருகி ஏற்றினால், வாய்க்குள் பார்க்கும்போது வெள்ளை நுரை கனெக்டரின் உள்தரையோடு சமமாக நிற்க வேண்டும், நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே ஓர் இழை முடி போல வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஷார்ட். பெட்டி திரையில் எல்.என்.பி. ஷார்ட் என்றே எழுதிக் காட்டும். வெளிச்சத்தில் பிடித்து அந்த இழையைத் தேடிப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

எல்.என்.பி.யின் அடியில் கேபிளைச் சிறிய வளைவாகத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கே சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. நடுவில் ஒட்டுப்போட்ட கேபிளைத் தவிர்க்க வேண்டும். டிஷ் கம்பத்தை எர்த் செய்வதும், இடி மின்னலின்போது பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றி வைப்பதும் வழக்கமாக வேண்டும். கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பொருத்துவதும், மின்கம்பி போகும் பக்கத்தில் இரும்புக் கம்பம் நிறுத்துவதும் எவ்வளவு நல்ல சிக்னல் கிடைத்தாலும் கூடாது.

திருப்புவது

முதலில் கம்பம். ஆங்கர் போல்ட்டால் தளத்தில் இறுக்கிய பிறகு ரசமட்டத்தை இரண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கம்பம் செங்குத்தாக நிற்பதை உறுதிசெய்ய வேண்டும். கம்பம் சாய்ந்திருந்தால் இடவலமாகத் திருப்பும்போதே உயரமும் மாறிவிடும், அதன் பிறகு எந்த எண்ணும் பயன்படாது.

அசிமத் என்பது வடக்கிலிருந்து வலமாக அளக்கும் திசைக்கோணம். கிழக்கு 90, தெற்கு 180. எலிவேஷன் என்பது அடிவானத்திலிருந்து அளக்கும் உயரக்கோணம். ஜிசாட்-15க்குச் சென்னையில் அசிமத் ஏறத்தாழ 134, எலிவேஷன் 68. மதுரையில் அசிமத் 122, எலிவேஷன் அரை டிகிரி கூடுதல். அதாவது இரண்டு ஊரிலும் தென்கிழக்குதான், ஆனால் தெற்கே போகப் போகக் கிழக்கு நோக்கி ஒதுங்குகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, 83 டிகிரியில் இருக்கும் கோள்களுக்குச் சென்னையில் அசிமத் 168, ஏறக்குறைய நேர்தெற்கு. சி பேண்டில் சன் குழுமச் சேனல்கள் வரும் இன்டெல்சாட்-17 நிற்பது 66 டிகிரியில், அதற்குத் தென்மேற்காக 228. தெருவில் ஒவ்வொரு நிறுவனத்தின் டிஷ்ஷும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். கைப்பேசித் திசைகாட்டியை இரும்புக் கம்பத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய் சொல்லும். நாலடி தள்ளி நின்று பார்த்து, எதிரில் ஒரு மரத்தையோ டவரையோ அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் திருத்தம் தேவையில்லை.

டிஷ்ஷின் பின்னால் உள்ள தாங்கியில் அச்சிட்ட எலிவேஷன் எண்கள் பெரும்பாலும் ஆஃப்செட் கோணத்தைக் கழித்தே போட்டவை. ஆகவே அதில் 68 என்ற கோட்டிலேயே நிறுத்தலாம். கோணமானி வைத்துத் தட்டை அளந்தால்தான் கணக்கு மாறும். உயரத்தை இப்படி வைத்து அரைகுறையாக இறுக்கிக்கொண்டு, டிஷ்ஷைத் தென்கிழக்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெல்லத் துடைப்பது போலத் திருப்ப வேண்டும். மெல்ல என்றால் உண்மையிலேயே மெல்ல. விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி, மூன்று நொடி நிறுத்தி, திரையைப் பார்த்து, அடுத்த சென்டிமீட்டர். டிஜிட்டல் பெட்டி சிக்னலைப் பிடித்துப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் எடுக்கும்; வேகமாகத் திருப்புபவர் சரியான இடத்தைத் தாண்டியே போய்விடுவார். கீழே திரையைப் பார்த்து எண்ணைச் சொல்ல ஒருவர் தேவை. அவரிடம் குவாலிட்டி எண்ணை மட்டும் சொல்லச் சொல்ல வேண்டும்.

ஏன் குவாலிட்டி மட்டும் என்பதே இந்தக் கையேட்டில் மிக முக்கியமான செய்தி. ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியாக வரும் மொத்த ஆற்றல். அதில் கோளின் சிக்னலும் இருக்கும், எல்.என்.பி.யின் இரைச்சலும் இருக்கும். டிஷ் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த இரைச்சலிலேயே பல பெட்டிகளில் ஸ்ட்ரெங்த் ஐம்பதைத் தொடும். குவாலிட்டி என்பது நாம் கேட்ட டி.பி.யை, பிழையில்லாமல் எந்த அளவுக்குப் படிக்க முடிகிறது என்பது. ஸ்ட்ரெங்த் நன்றாக உயர்ந்து குவாலிட்டி பூஜ்யமாக இருந்தால் வேறொரு கோளைப் பிடித்திருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். 93.5க்கு இருபுறமும் 91.5இல் மீசாட் கோள்களும் 95இல் எஸ்.இ.எஸ்.-8உம் நிற்கின்றன; 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வையே ஏறக்குறைய மூன்று டிகிரி அகலம் என்பதால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது எளிதில் நடக்கும். அப்படி நடந்தால் மனம் தளர வேண்டியதில்லை, விளிம்பில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தூரத்தில்தான் நம் கோள் இருக்கிறது. கடையில் விற்கும் மலிவான சாட் ஃபைண்டர் என்னும் சிக்னல் மீட்டரின் முள் காட்டுவதும் ஸ்ட்ரெங்த் மட்டுமே என்பதால், அது இருப்பதை வைத்துக்கொண்டு திருப்தி அடைந்துவிடக் கூடாது.

குவாலிட்டி தோன்றியதும் இடவலமாக நகர்த்தி, எண் குறையத் தொடங்கும் இரண்டு எல்லைகளிலும் கம்பத்தில் மார்க்கரால் கோடிட்டு, நடுவில் நிறுத்த வேண்டும். மேல்கீழாகவும் அப்படியே. உச்சத்தைத் தேடுவதைவிட இரு எல்லைகளுக்கு நடுவைத் தேடுவது எளிது, துல்லியமும் கூட. கடைசியில் ஸ்கியூ. எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் கடிகார முள் போலச் சுழற்றுவதற்குப் பெயர் அது. டெக்னீஷியன்கள் ஐந்து மணி, ஏழு மணி என்று சொல்வதும் இதைத்தான். கோள் நேர்தெற்கில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் அதன் வெர்ட்டிக்கல் நமக்குச் சாய்வாக வந்து சேரும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க இந்தச் சாய்வு கூடும். எனவே டெல்லியில் ஒருவர் சொன்ன ஸ்கியூ கன்னியாகுமரிக்குப் பொருந்தாது. கோளுக்குக் கோளும் இது மாறுவதால், இருபுறமும் மெல்லச் சுழற்றிக் குவாலிட்டி அதிகமாகும் இடத்தில் நிறுத்துவதே வழி. பிறகு எல்லாத் திருகையும் ஒரேயடியாக அல்லாமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும், கண் திரையிலேயே இருக்க வேண்டும். இறுக்கும்போது ஒரு டிகிரி நழுவுவது சாதாரணம்.

மெனுவில் இடும் எண்கள்

டி.பி. ஒன்றைச் சேர்க்கும்போது பெட்டி மூன்றைக் கேட்கும்: 11090, வி, 29500. முதலாவது அலைவரிசை, இரண்டாவது போலரைசேஷன், மூன்றாவது சிம்பல் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை குறியீடுகள். 29500 என்பது ஆயிரங்களில் சொன்னது. உண்மையில் நொடிக்கு 2 கோடியே 95 லட்சம். இதில் ஓர் இலக்கம் பிசகினாலும் குவாலிட்டி எழாது. எஃப்.இ.சி. என்று 3/4 போல ஒரு பின்னம் இருக்கும்; அனுப்பும் நான்கு பங்கில் மூன்று பங்கு படமும் ஒலியும், ஒரு பங்கு வழியில் நேரும் பிழையைத் திருத்துவதற்கான உபரி. ஆட்டோ என்று விட்டுவிட்டால் பெட்டியே கண்டுகொள்ளும். டி.வி.பி.-எஸ், டி.வி.பி.-எஸ்2 என்பவை அனுப்பும் முறைகள்; எம்பெக்-2, எம்பெக்-4 என்பவை படத்தைச் சுருக்கும் முறைகள். பழைய பெட்டிக்கு எம்பெக்-4 தெரியாது. அதனால்தான் அதே டிஷ்ஷில் அண்ணன் வீட்டில் வரும் சில சேனல்கள் தம்பி வீட்டில் வருவதில்லை. டிஷ்ஷைக் குறை சொல்லிப் பயனில்லை. டி.பி. எண்கள் அவ்வப்போது மாறும் என்பதால் பிரசார் பாரதி வெளியிடும் நடப்புப் பட்டியலைப் பார்த்து இட வேண்டும். டைசெக் என்பது ஒரே கேபிளில் பல எல்.என்.பி.க்களை மாற்றித் தரும் சுவிட்சுக்கான கட்டளை, ஒரே எல்.என்.பி. இருந்தால் ஆஃப். ஸ்கேன் முடிந்ததும் டி.டி. தமிழ் வருகிறதா என்று பாருங்கள். 2024 ஜனவரிக்கு முந்தைய பழைய பட்டியல்களில் அது பொதிகை என்று இருக்கும்.

பழுது வந்தால்

வெர்ட்டிக்கல் சேனல்கள் எல்லாம் வந்து ஹரிசாண்டல் மட்டும் வராவிட்டால் 18 வோல்ட் மேலே போய்ச் சேரவில்லை; கேபிள் நீளமோ துருப்பிடித்த கனெக்டரோ காரணம். லோ பேண்ட் வந்து ஹை பேண்ட் வராவிட்டால் 22 கே டோனையும் எல்.என்.பி. எண்ணையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெங்த்தே பூஜ்யம் என்றால் டிஷ்ஷைத் தொடவே வேண்டாம், கேபிளும் எல்.என்.பி.யும்தான் சந்தேகத்துக்குரியவை. ஸ்ட்ரெங்த் வழக்கம்போல இருந்து குவாலிட்டி குறைந்தால் டிஷ் நகர்ந்திருக்கிறது, ஓலை மறைக்கிறது, அல்லது எல்.என்.பி. மூடி விரிந்து நீர் புகுந்திருக்கிறது. கனமழையில் போய் மழை விட்டதும் திரும்புவது ரெயின் ஃபேட்; தூறலுக்கே போனால் டிஷ் சரியாக நிற்கவில்லை என்று பொருள்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாள்கள் முற்பகல் பதினோரு மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் படம் உடைவது சன் அவுட்டேஜ். சூரியன் அப்போது கோளுக்கு நேர் பின்னால் வந்து தன் இரைச்சலை டிஷ்ஷுக்குள் கொட்டுகிறது. இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அந்த நிமிடங்களில் மாடிக்குப் போனால் ஓர் ஆதாயம் உண்டு: சூரியன் நிற்கும் திசையே கோளின் திசை. டிஷ்ஷின் மேல் எந்த ஓலையின், எந்தக் கம்பியின் நிழல் விழுகிறதோ அதுவே ஆண்டு முழுவதும் சிக்னலை மறைப்பது. கத்தியோடு ஆளை எந்த மரத்தில் ஏற்ற வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.